முந்தித்திரும்பி

கப்பல் சுற்றுலா போகிறவர்களில் 'முந்தித்திரும்பி' என்றோர் இனம் உண்டு. எங்கள் பிரேமன் நகரத்தில் இது தாராளமாக விளைகிறது. இந்தக் கோடையில் கப்பலில் எனக்கு அடுத்த அறையிலேயே ஒன்று வாய்த்தது. பெயர் ஃபோல்க்மர்.

தாலின் துறைமுகத்தில் கப்பல் நின்றது. ஐந்து மணிக்குள் எல்லோரும் ஏறிவிட வேண்டும். முந்தித்திரும்பிக்கு ஐந்து என்றால் மூன்று. பழைய கோட்டைச் சுவர், தேவாலயக் கோபுரம், வணிகர்கள் உப்பு அடுக்கிவைத்த கிடங்கு எல்லாவற்றையும் கைக்கடிகாரத்தில் ஒரு கண் வைத்தே பார்த்து முடிப்பார். ஊர் எப்படி என்று கேளுங்களேன். "துறைமுகத்துக்கு இருபது நிமிஷ நடை" என்பார்.

அவர் மனைவி கெசீனே சதுக்கத்து உணவுக் கடையில் அப்போதுதான் உட்கார்ந்திருந்தார்.

"ஃபோல்க்மர், பூண்டு ரொட்டி சொல்லலாம்னு இருக்கேன். கொஞ்சம் உக்காரேன்."

"கப்பல் உனக்காகக் காத்துக்கிட்டு நிக்குமா? கெளம்பு, கெளம்பு."

"கல்யாணம் ஆனதுலேர்ந்து கெளம்பிக்கிட்டேதான் இருக்கேன். ஒரு ஜோடி கையுறையாவது வாங்கிக்கறேன். கடை வாசல்லயே நில்லு."

நின்றாரா? இந்த இனத்துக்கு நிற்கவும் தெரியாது, திரும்பிப் பார்க்கவும் தெரியாது. மனைவி பின்னாலேயே வருவதாக நினைத்துக்கொண்டு விறுவிறுவென்று கப்பலேறிவிட்டார்.

அப்படி என்ன அவசரம்? மேல்தளத்தில் கம்பியோரம் நல்ல இடமாகப் பிடித்து, கையில் பீரோடு நின்று, கடைசி நேரத்தில் மூச்சிரைக்க ஓடிவருகிறவர்களைப் பார்த்துக் கைதட்டிச் சிரிக்க வேண்டுமே! காசு கொட்டி ஊர்சுற்ற வருவதே இதற்குத்தான்.

ஐந்து மணி நெருங்கும்போது கீழே ஒரு பெண்மணி ஓடிவந்தார்.

"டேய் ஊவே, இங்க பாருடா! வாத்து மாதிரியே ஓடுது!" என்று குதித்தார் ஃபோல்க்மர்.

நண்பர் ஊவே எட்டிப் பார்த்தார். "டேய்... அது உன் பொண்டாட்டிடா."

கெசீனே அண்ணாந்து பார்த்தார். ஓட்டம் நின்றது.

"சந்து சந்தா உன்னத் தேடிட்டு வரேன். நீ அங்க நின்னு சிரிக்கறியா?"

"அப்பறம் திட்டு, முதல்ல ஓடி வா! படிய எடுக்கப் போறாங்க!"

"எடுக்கட்டும். நான் ரொட்டி சாப்ட்டுட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு அவர் ஊர்ப் பக்கம் திரும்பி நடந்தார். நிதானமாக.

ஃபோல்க்மர் கீழே ஓடினார். பின்னாலேயே நானும். படியருகே நின்ற சிப்பந்தி, "எறங்கினா மறுபடி ஏற முடியாது சார்" என்றான். ஃபோல்க்மர் மனைவியின் முதுகைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.

இறங்கவில்லை. பிடித்து வெளியே தள்ளலாமா என்றிருந்தது எனக்கு. கெசீனே இல்லாமலே கப்பல் கிளம்பியது.

மறுநாள் காலைச் சாப்பாட்டுக்கு ஃபோல்க்மர் முதல் ஆளாக வந்து, ஜன்னலோரம் இருவர் மேசையைப் பிடித்து, எதிர் நாற்காலியில் துண்டு போட்டு வைத்திருந்தார்.

சிரிக்கிறீர்களா? நீங்களும் எந்தப் பஸ்ஸிலாவது ஓடி ஏறித் துண்டு போட்டு இடம் பிடித்திருப்பீர்கள். யாருக்காகப் பிடித்தீர்களோ, அவர் ஏறினாரா என்று பார்த்தீர்களா?