பிரிண்டர் தட்டிய கதவு

ஐந்தருவியில் தண்ணீர் விழத் தொடங்கிய வாரத்தில், தென்காசியில் பால்வண்ணநாதனின் ஆபீசுக்குள் ஹேக்கர் புகுந்தான். மனைவி ஸ்ரீதேவியிடம் அப்படித்தான் சொன்னார் அவர்.

குற்றாலத்து லாட்ஜ்களுக்கு அறை பதிவுசெய்து கொடுக்கிற ஆபீஸ் அது. மூன்று கம்ப்யூட்டர், ஒரு புதுப் பிரிண்டர், முதலாளியாக இருக்க அவர், வேலை பார்க்க ஸ்ரீதேவி. காவலுக்கென்று புதிதாகப் போட்ட ஃபயர்வால், உள்ளே யாரோ ஊடுருவுவதாகத் தினமும் மணியடித்தது. இரண்டு நாள் துருவியதில் கள்ளன் அகப்பட்டான். பிரிண்டர்தான். கண் விழித்ததும் அது ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் போய் ‘இருக்கியா, இருக்கியா’ என்று கதவைத் தட்டுகிறது. ஃபயர்வால் திருடன் என்று அலறுகிறது. அனுமதிப் பட்டியலில் பிரிண்டரைச் சேர்த்தால் தீர்ந்தது. இரண்டு நிமிட வேலை.

விரலை நீட்டினார். ஜன்னலுக்கு வெளியே சாரல் அடித்தது. விரலை மடக்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து மணியடித்தால் முகத்தை இறுக்கிக்கொள்வார். குற்றாலத்தில் ஒரு நிபுணர் இருக்கிறார், உடனே பார்த்தாக வேண்டும் என்பார். எண்ணெய் தேய்த்துவிடும் அய்யாத்துரைதான் அந்த நிபுணர். அரைமணி நேரம் பிடரியில் ஆலோசனை, ஒரு மணி நேரம் அருவியில் ஆய்வு. ஸ்ரீதேவி ஒருநாளும் தடுக்கவில்லை. பாவம், கம்ப்யூட்டரைப் பற்றி அவளுக்கென்ன தெரியும் என்று இரக்கப்பட்டார்.

ஆறாம் நாள் மூக்கு ஒழுகியது. காய்ச்சல். இனி ஒரு சொட்டுத் தண்ணீரையும் முதுகு தாங்காது. அப்போது பார்த்து மணியடித்தது. பிரிண்டரைச் சேர்த்துவிட்டு, ஹேக்கரை ஒழித்துவிட்டதாக அறிவித்துவிடலாம் என்று பட்டியலைத் திறந்தார். பிரிண்டர் ஏற்கெனவே அங்கே இருந்தது. சேர்த்தவர்: ஸ்ரீதேவி. நாள்: அவர் விரலை மடக்கிய அதே செவ்வாய்க்கிழமை.

“தேவி, இதை நீயா சேர்த்தே?”

“ஆமா. பார்த்தாலே தெரியுதே, பிரிண்டர்னு.”

“அப்ப இத்தனை நாளா மணியடிக்குதே, அது யாரு?”

“நான்தான். சோதனை மணின்னு ஒரு பட்டன் இருக்கு.” அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நீங்க இங்கன இருந்தப்ப ஒரே ரூமை ரெண்டு குடும்பத்துக்குக் குடுத்து அடிதடி ஆச்சு. நீங்க அருவிக்குப் போக ஆரம்பிச்ச பொறவு ஒரு சண்டை கிடையாது.”

அவர் அடுத்தடுத்து மூன்று தும்மல் தும்மினார்.

“உடம்பெல்லாம் கொதிக்குதுட்டி. இன்னைக்கு ஒருநாள் இங்கன ஓரமா இருந்துக்கிடுதேன்.”

ஸ்ரீதேவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு பட்டனை இன்னொரு முறை அழுத்தினாள்.