பதினோரு தட்டும் ஒரு தகரப் பெட்டியும்

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலமாக இருப்பதாகத்தான் எழுத வேண்டும், அதனால் நலம். நீங்களும் அக்காவும் நலமாக இருக்கிறீர்களா, உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்பது முறை. கேட்டுவிட்டேன்.

இதற்கு முன் என் பெயரில் உங்களுக்கு நிறையக் கடிதங்கள் வந்திருக்கும். அவையெல்லாம் நான் வாயால் சொல்ல, உங்கள் தங்கை எழுதியவை. என் கையால் நானே எழுதும் முதல் கடிதம் இதுதான். நாற்பது வருடம் மார்க்கெட்டில் மூட்டை பிடித்த கை பேனாவையும் அப்படியே பிடிக்கிறது, இரண்டு பேனா உடைந்துவிட்டது. ஒரு பக்கத்துக்கு இரண்டு மணி நேரம் என்ற கணக்கில் போகிறது. நடுவே மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து போய்ப் பார்க்கிறேன். மூன்றாம் மாடித் தையல்காரர் வீட்டுக்கு இவ்வளவு பேர் வருவார்கள் என்று எனக்கு இந்த வாரம்தான் தெரிந்தது.

அவள் உங்கள் வீட்டுக்கு வந்து இன்றோடு ஆறு நாள். போன் செய்தால் நீங்கள் எடுத்து, "அவ தூங்கறா" என்கிறீர்கள். காலை பத்து மணிக்கும் தூங்குகிறாள், சாயங்காலம் நாலு மணிக்கும் தூங்குகிறாள். கல்யாணமாகி நாற்பத்தொரு வருடத்தில் பகலில் அவள் கண்ணை மூடி நான் பார்த்ததில்லை. போனில் பேசினால் மரியாதை குறைந்துவிடும் என்று இன்றைக்கும் கடிதமே எழுதுகிறவர் நீங்கள், அதனால் உங்கள் வழியிலேயே வருகிறேன். நடந்ததை அவள் சொல்லியிருப்பாள். என் பக்கத்தையும் கேளுங்கள்.

ஏழு மாதமாக நான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு வந்தேன். ஐஸ் கிடங்குக்கு மேலே எங்கள் சுமை தூக்குவோர் சங்க அறை இருக்கிறதே, அங்கே சாயங்கால வகுப்பு. ஏழு கிழவர்கள், சொல்லித்தர, தபால் பிரிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா. வீட்டில் சொல்லவில்லை. முழுசாகத் தேறிய பிறகு ஒரே நாளில் காட்டி அவளை அசத்திவிட வேண்டும் என்று ஆசை. சங்கத்தில் சீட்டாடப் போவதாகச் சொல்லியிருந்தேன். சீட்டாடப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுப் படிக்கப் போன ஆள் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அவளும் தினமும் வாசல்வரை வந்து, "இன்னைக்காவது தோக்காம வாங்க" என்று சொல்லி அனுப்புவாள்.

தபாலம்மா என்மேல் ஒரு குறை வைத்திருந்தார். "நீங்க படிக்கலைங்க பெரியவரே. முதல் எழுத்தைப் பாத்துட்டு மிச்சத்தை ஊகிச்சுடறீங்க." உண்மைதான். பஸ் போர்டு, சோப்பு உறை, கடைப் பெயர் எல்லாம் எனக்கு எழுத்து தெரிவதற்கு முன்பே தெரியும். அதனால், வீட்டுக்காரி முன்னால் நிரூபிப்பதென்றால், ஊகிக்கவே முடியாத சொல்லாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அப்போதுதான் மார்க்கெட்டில் இருக்கும் தாய்லாந்துச் சாப்பாட்டுக் கடை ஞாபகம் வந்தது.

வாளிக் கடைக்கும் சாணை பிடிக்கும் கடைக்கும் நடுவில் ஆறு மேஜை போட்ட கடை. விலை குறைவு, கூட்டம் எப்போதும் உண்டு. பன்னிரண்டு வருடம் அதற்கு அரிசி மூட்டை இறக்கியது நான்தான். பின்வாசல் தெரியும், முன்வாசல் தெரியாது. அடுப்படியில் நிற்பது தாய்லாந்துக்கார அம்மா, எல்லோருக்கும் சமையலக்கா. அவர் கணவர் நம் ஆள், மீசைக்காரர், மேஜைக்கு வந்து என்ன வேண்டும் என்று எழுதிக்கொள்வார். அவர் வாயைத் திறந்து யாரும் பார்த்ததில்லை. தலையாட்டுவார், எழுதுவார், போவார்.

போன ஞாயிறு மதியம் உங்கள் தங்கையைக் கூட்டிக்கொண்டு போனேன். மழை வரும் போலிருந்ததால் குடை எடுத்துக்கொண்டாள். எதற்கு இந்தக் கடைக்கு என்று வழியெல்லாம் கேட்டாள். உட்கார்ந்ததும், தாய்லாந்துச் சாப்பாட்டுப் பெயர்களைத் தமிழில் எழுதியிருந்த அட்டையைப் பழக்கப்படி தன் பக்கம் இழுத்தாள். எந்தச் சாப்பாட்டுக் கடைக்குப் போனாலும் அவள்தான் படிப்பாள். அவள் இல்லாமல் போனால், பக்கத்து மேஜைக்காரருக்கு வந்ததையே எனக்கும் கொண்டுவரச் சொல்வேன். அப்படி ஒருதரம் ஒரு சர்க்கரை நோயாளியின் முழுச் சாப்பாட்டையும் சாப்பிட்டிருக்கிறேன். இந்தத் தடவை, "குடு இப்படி" என்று அட்டையை வாங்கி, மூக்குக் கண்ணாடியைப் போட்டு, மேலிருந்து ஆரம்பித்தேன்.

எனக்கு இன்னும் மனதுக்குள் படிக்க வராது மச்சான். வாய்விட்டு, விரல் வைத்துத்தான். தோம் யாம் என்றேன். பக்கத்தில் நின்ற மீசைக்காரர் தலையாட்டி எதையோ எழுதினார். பாட் தாய் என்றேன். தலையாட்டி எழுதினார். வகுப்பில் தபாலம்மாவும் இப்படித்தான், ஒரு வார்த்தை பிழையில்லாமல் படித்தால் தலையாட்டி நோட்டில் ஒரு குறி போடுவார். எனக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. சோம் தாம் என்றேன். ஒவ்வொன்றும் கல் மாதிரி சொல், ஒன்றைக்கூட ஊகிக்கவில்லை, ஒவ்வொன்றுக்கும் அந்த மனிதர் தலையாட்டுகிறார். பதினொன்றையும் படித்து முடித்துவிட்டேன். கடைசி வரியில், கை கழுவும் இடம் பின்புறம் என்று இருந்தது. அதையும் படித்தேன். அவர் தலையாட்டவில்லை, எழுதவுமில்லை. தப்பாகப் படித்துவிட்டேனோ என்று இன்னும் சத்தமாக இன்னொரு தடவை படித்தேன். அவர் பின்பக்கம் கையைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பிறகு வந்தது. முதலில் புளிப்பும் காரமுமாக, எலுமிச்சைப் புல் மிதக்கும் சூப்பு. அப்புறம் வேர்க்கடலைத் தூள் தூவிய நூடுல்ஸ். அப்புறம் இடித்த பப்பாளிக்காய். தேங்காய்ப்பாலில் பச்சையாக ஒன்று, சிவப்பாக ஒன்று. மேஜை போதாமல் பக்கத்து மேஜையை இழுத்துப் போட்டார். சமையலக்காவே எட்டிப் பார்த்து, "மூட்டைக்காரரே, எத்தனை பேர் வராங்க?" என்று கேட்டார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. படித்தது நான், வாங்கியதும் நான். திருப்பி அனுப்பச் சொல்ல வெட்கமாக இருந்தது. வாசலில் கைவண்டியோடு நின்ற என் பழைய கூட்டாளிகள் நான்கு பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். ஒருவன், "என்னண்ணே விசேஷம்?" என்று கேட்டான். நான் அட்டையை எடுத்து மறுபடி முழுவதும் படித்துக் காட்டினேன். மீசைக்காரர் கையிலிருந்த நோட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

கடையே சிரித்தது மச்சான், நானும் சிரித்தேன். உங்கள் தங்கை சிரிக்கவில்லை. சூப்பில் ஒரு கரண்டி குடித்தாள். கண்ணில் தண்ணீர். காரம் என்று நினைத்து டம்ளரை நகர்த்தினேன்.

"எத்தனை நாளா?" என்று கேட்டாள்.

"ஏழு மாசமா."

"சீட்டாட்டம்?"

"அதெல்லாம் இல்லை."

"எல்லாம் படிப்பீங்களா?"

"எல்லாம்."

கரண்டியைச் சூப்பிலேயே விட்டாள். "கையெழுத்துகூடவா?"

"கொஞ்சம் மெதுவா. ஆனா வருது" என்று பெருமையாகச் சொன்னேன்.

எழுந்தாள், போய்விட்டாள். கை கழுவத்தான் போகிறாள் என்று, பின்புறம் என்று வேறு நான் வழி சொன்னேன்.

வீட்டுக்கு வந்தபோது பூட்டியிருந்தது. கதவிடுக்கில் ஒரு சீட்டு. 'அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். சாவி தையல்காரரிடம். பால் பொங்கவிடாதீர்கள்.' மச்சான், என் வாழ்க்கையில் எனக்கென்று யாராவது எழுதிய முதல் எழுத்து அது. மாடிப்படியிலேயே உட்கார்ந்து பத்துப் பதினைந்து தடவை படித்தேன். ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. தையல்காரரைக் கூப்பிட்டு அவருக்கும் படித்துக் காட்டினேன். அவர்தான், "ஐயா, அம்மா கோச்சுக்கிட்டுப் போயிருக்காங்க போல" என்றார். அதுவரை எனக்கு உறைக்கவில்லை.

ஏன் போனாள் என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்தேன். நீங்கள் எழுதிய கடிதங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. உங்கள் கடிதம் வந்தால் சாப்பிட்ட பிறகு அவள் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து எனக்குப் படிப்பாள். ஒவ்வொரு கடிதத்திலும் என்னைப் பற்றி நீங்கள் ஒரு பத்தி எழுதியிருப்பீர்கள். மாப்பிள்ளையின் முதுகுவலி எப்படி இருக்கிறது, அவரைப் போல உழைப்பாளி நம் குடும்பத்திலேயே கிடையாது, அதிகம் சுமக்க வேண்டாம் என்று அவரிடம் சொல். நான் உருகிப்போவேன். கலெக்டர் ஆபீசில் தலைமை குமாஸ்தாவாக இருந்தவர் ஒரு மூட்டைக்காரனை இப்படி நினைக்கிறாரே என்று.

பெட்டியில் நூற்றுப் பதினாறு கடிதம் இருக்கிறது மச்சான். 'வீட்டுக்காரன்', 'முதுகு' என்ற இரண்டு சொல்லை மட்டும் இரண்டு நாள் விரல் வைத்துத் தேடினேன். என் முதுகு ஒன்றில்கூட இல்லை. என்னைப் பற்றி மொத்தம் ஏழு இடத்தில்தான் வருகிறது. கல்யாணமான வருடக் கடிதத்தில், 'உன் வீட்டுக்காரன் இங்கே வந்திருந்தபோது இறக்கி வைத்த மூட்டை மாதிரியே உட்கார்ந்திருந்தான்' என்று எழுதியிருக்கிறீர்கள். மற்ற ஆறில் ஐந்து இதைவிட மோசம், ஒன்றைப் பிறகு சொல்கிறேன். உங்கள் கையெழுத்து அழகு, ஒளிக்க வழியே இல்லை.

உங்களுக்கு இப்போது வியர்க்கும். வேண்டாம். நீங்கள் ஏணியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்ட வருடம் நான் ஒரு பதில் சொல்லி எழுதச் சொன்னேன். 'பேச்சைக் கேட்காமல் இந்த வயதில் ஏணியில் ஏறினால் இப்படித்தான் ஆகும், இன்னொரு காலாவது மிஞ்சட்டும்' என்று சொன்னேன். அதற்கு நீங்கள் எழுதிய மறுகடிதத்தையும் பெட்டியில் படித்தேன். 'உன் வீட்டுக்காரன் எழுதிய ஆறுதலைப் படித்துக் கண் கலங்கினேன், இவனுக்கு இப்படியெல்லாம் பேச வருமென்று நினைக்கவில்லை' என்று இருக்கிறது. நானும் நினைக்கவில்லை. அவள் என்ன எழுதினாளோ, அந்தக் கடிதம் உங்களிடம் இருந்தால் ஒரு நகல் அனுப்புங்கள்.

ஆக நாற்பத்தொரு வருடமாக நீங்களும் நானும் ஒருவரையொருவர் பிடிக்காமலேயே பிரியமாக இருந்திருக்கிறோம். அவ்வளவும் அவள் ஒருத்தியின் வேலை. பெட்டியைத் திறந்து இதைக் கண்டுபிடித்துவிடுவேன் என்று பயந்துதான் ஓடி வந்திருக்கிறாள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சிரித்துச் சிரித்து இருமல்தான் வந்தது. பக்கத்தில் சொல்ல ஆள் இல்லை, அதுதான் உதைக்கிறது. ஆறு நாள் பேப்பர் மடித்தபடியே கிடக்கிறது. ஒரு நாள் பிரித்துப் படித்தேன், ஒரு பக்கத்துக்கு மதியமாகிவிட்டது, அதிலும் எல்லாம் கெட்ட சேதி. அவள் படிக்கும்போது பேப்பரில் இவ்வளவு பேர் சாக மாட்டார்கள்.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்தக் கடிதத்தை அவளுக்கு நீங்களே வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். எங்கே விட வேண்டுமோ விட்டுவிடுங்கள், எங்கே சேர்க்க வேண்டுமோ சேருங்கள். வித்தை தெரியாவிட்டால் அவளையே கேளுங்கள். பெட்டியை மறுபடி கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன் என்றும், அவள் படித்த கடிதங்கள்தான் எனக்குக் கடிதம் என்றும் சொல்லுங்கள். அவள் வராவிட்டால் நான் கற்றது அத்தனையும் அந்தச் சீட்டைப் படிக்க மட்டும்தான் உதவியதாக ஆகிவிடும்.

அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டில் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். இதை நானே நினைத்து நானே எழுதுகிறேன், யாரும் சேர்க்கவில்லை.

இப்படிக்கு,
இறக்கி வைத்த மூட்டை

பின்குறிப்பு: உறை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது படியில் செருப்புச் சத்தம். தையல்காரர் வீட்டுக்கு என்று எழுந்திருக்கவில்லை. அவள்தான். தாய்லாந்துக் கடையில் குடையை விட்டுவிட்டாளாம், அதை எடுக்க வந்தாளாம். மேஜையில் காகிதத்தைப் பார்த்து, "என்ன எழுதறீங்க, குடுங்க" என்று வாங்கி, ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து முதலிலிருந்து கடைசிவரை எனக்குப் படித்துக் காட்டினாள். அவள் படித்த கடிதத்தில் நாங்கள் இரண்டே தட்டு வாங்கிச் சாப்பிட்டோம். யாரும் எழுந்து போகவில்லை. தகரப் பெட்டி என்ற பேச்சே இல்லை. நான் அவளிடம் மூன்று இடத்தில் மன்னிப்புக் கேட்டு, வருகிற ஞாயிறும் அங்கே கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். நான் எட்டிப் பார்க்கவில்லை. நல்ல கடிதமாக இருந்தது.

ஆகவே மேலே உள்ள எதையும் நான் எழுதவில்லை என்று வைத்துக்கொள்ளவும். முதன்முதலாக எழுதியது, கிழிக்க மனம் வராததால் அவளுக்குத் தெரியாமல் அனுப்புகிறேன். உண்மையான கடிதத்தை அவள் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறாள், அது தனியாக வரும். அதில் உங்கள் முழங்காலை நினைத்து நான் மிகவும் வருந்தியிருப்பேன்.