லோறன்சும் ஒரு நூல் இடைவெளியும்

லோறன்ஸ் அந்த றேசிங் சைக்கிளை வேகமாகப் போவதற்குத்தான் வாங்கினார் என்று அவர் வேலை செய்த மன்னார்க் கச்சேரி முழுவதும் நம்பியது. உண்மையில் ஓர் இடத்துக்குப் போகாமல் இருப்பதற்காகவே அவர் அதை வாங்கினார். அந்த இடம் தாழ்வுபாடு என்ற ஊரில், தார் ரோட்டு முடிந்து கணுக்கால் புதைகிற மணல் ஒழுங்கைக்குள் முந்நூறு யார் தூரம் தள்ளி இருந்தது. அங்கே அவருடைய மாமியார் மார்த்தா இருந்தார். மார்த்தாவுக்கு ஒரு வேலி இருந்தது. வேலிக்குக் கழுதைகள் இருந்தன.

பழைய சைக்கிள் இருந்தவரை, ஞாயிறு பூசை முடிந்தால் மனைவி பெற்றிசியாவுக்குப் பின்னால் லோறன்சும் அங்கே போயாக வேண்டும். கிழமை முழுக்கக் கழுதைகள் பிரித்துப் போட்டதை அவர் பொழுதுபடும்வரை இருந்து கட்டுவார். அவருடைய தலை மறைந்ததும் கழுதைகள் அடுத்த கிழமை வேலையைத் தொடங்கிவிடும். கச்சேரியில்கூட இவ்வளவு ஒழுங்காக ஒரு வேலையும் நடப்பதில்லை.

றேசிங் சைக்கிள் வந்தது, விடுதலையும் வந்தது. பக்கத்தில் சிவப்புக் கோடு போட்ட, விரல் மொத்தமே உள்ள மெல்லிய டயர். "மணலில இறக்கினால் அப்பிடியே புதையும் பெற்றிசியா. றிம் வளைஞ்சு போயிடும்" என்று முகத்தைச் செத்தவீட்டில் வைப்பதுபோல் வைத்துக்கொண்டு சொன்னார். பெற்றிசியா தன் லேடீஸ் சைக்கிளில் தனியே போய்வந்தாள். எட்டு மாத ஞாயிறுகளை லோறன்ஸ் சாய்மனைக் கதிரையில் படுத்துக் கழித்தார்.

ஆசை யாரை விட்டது? அது கந்தோரில் கூட வேலை செய்கிற யோகராசாவின் உருவில் வந்தது.

"லோறன்ஸ், வாற ஞாயிறு ஏழு பேர் மறிச்சுக்கட்டிக்குச் சைக்கிள் ஓடுறம். விடிய வெளிக்கிட்டுப் பொழுதுபட வாறது. காட்டோரம் முழுக்கக் கிரவல். உம்மட ஊசி டயரோட வந்தால் சைக்கிளைத் தோளில வைச்சுக்கொண்டு நடக்கவேண்டியதுதான். தடிச்ச மொத்த டயர் போடும்."

உப்புக்குளத்தில் சைக்கிள் திருத்துகிற வஸீருக்கு லோறன்ஸ் போன் எடுத்தார்.

"போடலாம் தம்பி. ஆனா றேசிங் சைக்கிள்ல எங்க இடம் விட்டிருக்கான்? டயருக்கும் அதைப் பிடிச்சிருக்கிற போர்க்குக்கும் நடுவில எவ்வளவு கிடக்கெண்டு அளந்து சொல்லுங்க. இடம் காணாட்டி டயர் போர்க்கைத் தின்னும்."

வீட்டில் இருந்த ஒரே அளவுநாடா பெற்றிசியாவின் தையல் மெசினில் தொங்கியது. லோறன்ஸ் அதைப் போர்க்குக்குள் நுழைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் குரல் கேட்டது.

"என்ன, சைக்கிளுக்குச் சட்டையோ?"

"மட்காட் போடப்போறன்."

"மழை இல்லாத ஆனி மாசத்திலயோ?"

"வருமுன் காக்கிறது நல்லம்தானே."

"தள்ளுங்கோ. நாடாவைத் தலைகீழாப் பிடிச்சிருக்கிறீங்கள்." பெற்றிசியா குனிந்து பார்த்தாள். "சுத்திவர ரெண்டு நூல், கால் அங்குலம் கிடக்கு. ஒரு நூல் மொத்தமாப் போடலாம். மற்ற நூலைக் கட்டாயம் விடவேணும். இறுக்கிப் பிடிச்சுத் தைச்சால் தையல் விட்டிடும். மட்காட்டுக்கு இது காணும்தானே, போதாதோ?"

லோறன்சுக்குச் சிரிப்பை அடக்கப் பெரும்பாடாகிவிட்டது. பாவம், தன் கையாலேயே அளந்து தருகிறாளே என்று கொஞ்சம் இரக்கமும் வந்தது.

வியாழன் பின்னேரம் வஸீர் புது டயரைப் போட்டார். காற்றோடு சில்லு பிறேக்குக்குள் நுழையவில்லை. காற்றைத் திறந்துவிட்டு, நுழைத்து, பிறகு அடித்தார். சுழற்றினால் எங்கும் உரசவில்லை.

"சரியா ஒரு நூல் மிச்சம். நல்லா அளந்திருக்கீங்க தம்பி."

"பின்ன?" என்றார் லோறன்ஸ். புகழ்ச்சி தலைக்கேறியது, வாயும் திறந்துகொண்டது. "பழைய டயர் இங்க கிடக்கட்டும் நானா. ஞாயிறு மறிச்சுக்கட்டிக்குப் போயிட்டு வந்து, திங்கள் திருப்பி மாத்துவம். மனிசியிட்டக் கந்தோர்க் கூட்டம் எண்டு சொல்லுவன். இந்த டயரைக் கண்டாளெண்டால் தாழ்வுபாட்டு மணலுக்கு இழுத்துப்போடுவாள்."

உள்ளேயிருந்து வஸீரின் மனைவி ஸுஹறா தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். தேத்தண்ணி நன்றாக இருந்தது. ஸுஹறா தன் சட்டைகளை யாரிடம் தைக்கக் கொடுக்கிறாள் என்பது லோறன்சுக்கு நினைவு வரவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் பெற்றிசியா சைக்கிளடியில் நின்றாள்.

"இஞ்சேருங்கோ, உங்கட டயருக்கு உடம்பு வைச்சிருக்கு."

"காத்துக் கூடிப்போச்சு."

"காத்தடிச்சால் ஒரு நூல் மொத்திக்குமோ? நான் பதினெட்டு வருசமா ஊராற்ற இடுப்பை அளக்கிறவள்."

லோறன்ஸ் வானத்தைப் பார்த்தார்.

"நல்லதுதானே. இது மணலில புதையாது. நாளைக்கு அம்மாட்டப் போவம்."

லோறன்ஸ் கடைசி அம்பை எடுத்தார். "டயர் புதையாது. இடைவெளிதான் பிழை. அந்த ஒரு நூலுக்குள்ள மணல் போச்செண்டால் போர்க்கை அராவிப்போடும். இந்தச் சைக்கிள் தார் ரோட்டை விட்டு இறங்கவே கூடாது!"

"ஓம் என்ன. பாவம் சைக்கிள்." பெற்றிசியா போனை எடுத்தாள். "அப்ப யோகராசா அண்ணைக்குச் சொல்லிவிடுறன். காட்டு றோட்டிலயும் மணல்தானே. மறிச்சுக்கட்டிக்கு இவர் வரேலாதெண்டு."

லோறன்ஸ் மனசுக்குள் கணக்குப் போட்டார். சைக்கிள் மணலுக்கு ஆகாது என்றால் மறிச்சுக்கட்டி இல்லை. ஆகும் என்றால் தாழ்வுபாடு.

"கொஞ்ச மணல் தாங்கும்" என்றார் மெல்ல.

"அம்மா வீட்டடியில கொஞ்சம்தான் கிடக்கு."

"அப்ப மறிச்சுக்கட்டி?"

"முதல்ல முந்நூறு யார் ஓடிப் பழகுங்கோ."

ஞாயிறு, பூசை முடிந்து பெற்றிசியா முன்னால் போக, லோறன்ஸ் பின்னால் மிதித்தார். போனால் போகட்டும், ஒரு ஞாயிறுதானே! நாளைக்கே வஸீரிடம் பழைய டயரை மாட்டிவிட்டால் மறுபடி சாய்மனைக் கதிரை. அந்த எண்ணமே ஆறுதலாக இருந்தது. ஒழுங்கை வந்தது. புது டயர் புதையவில்லை, வழுக்கவில்லை, எங்கும் உரசவில்லை. அது அவருக்கு மிகுந்த மனவருத்தத்தைக் கொடுத்தது.

மார்த்தாவின் வாசல் படலையடியில் பிறேக்கைப் பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஆடிக்கொண்டிருந்த படலை இப்போது கறுப்பு வார்களால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. வேலிக் கதியால் தடிகளிலும் அதே வார். ஒவ்வொரு வாரின் ஓரத்திலும் ஒரு சிவப்புக் கோடு ஓடியது.

"வாங்கோ மருமகன்! நல்ல டயர். பெற்றிசியா வெள்ளிக்கிழமையே கொண்டந்து தந்திட்டாள். வெட்டிக் கட்டினாப்பிறகு ஒரு கழுதையும் கிட்ட வரேல்லை."

லோறன்ஸ் பெற்றிசியாவைப் பார்த்தார். அவள் சைக்கிள் மணியைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இனி வேலி வேலை இல்லையோ மாமி?" என்றார், கடைசி நம்பிக்கையோடு.

"வேலி முடிஞ்சுது. கிணறு இறைக்கக் கிடக்கு, கோழிக்கூடு கிடக்கு" என்று மார்த்தா அன்போடு படலையைத் திறந்துவிட்டார். "கழுதை இனி வராது தம்பி. நீங்கள் வந்தாக் காணும்."