நாற்பத்தொரு பேரின் பெரட்டு

மலாயா மண்ணில் 'தொழில்முறைத் தொடர்பு' என்னும் அரும்பெரும் விஞ்ஞானத்தைக் கண்டுபிடித்தவர், லூபோக் சீனாவுக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் கூலிகளை மேற்பார்க்கும் மண்டோராக இருந்த பிச்சைமுத்துவின் மூத்த மகன் மணியம் அவர்களே. சரித்திரம் இதை இன்னும் பதிவு செய்யவில்லை என்றால் அது சரித்திரத்தின் குறை. ஆண்டு 1951. ஐம்பத்திரண்டாகவும் இருக்கலாம். அவசரகாலம் என்பது மட்டும் நிச்சயம். கூலிகள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி இருந்தது. மற்றதையெல்லாம் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். என் நினைவு கேட்டவுடன் பதில் சொல்லும் ரகமல்ல. வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருக்கும். பிறகு எனக்கு அனுகூலமானதை முதலில் சொல்லும். மற்றதைச் சொல்ல இன்னும் சில வருடங்கள் எடுத்துக்கொள்ளும்.

மணியம் அப்போது சிங்கப்பூரில் பல்கலைக்கழக மாணவர். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, மலாக்கா பட்டணத்தில் ஆங்கிலம் படித்து, அவ்வளவு தூரம் போன முதல் தோட்டத்துப் பிள்ளை. அங்கே ஒரு மாலை, கம்பெனி அதிகாரியான வெள்ளைக்காரர் ஒருவர் மாணவர்களுக்கு உரையாற்றினார். பட்டம் பல பேருக்குக் கிடைக்கும், ஆள் தெரிந்தவனுக்குத்தான் வேலை கிடைக்கும், ஆகவே வேலை தேவைப்படுவதற்கு முன்பே பெரிய மனிதர்களைத் தெரிந்துகொள்ளுங்கள் என்றார். மற்ற மாணவர்கள் கைதட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்கள். மணியம் அச்சகத்துக்குப் போனார்.

'பி. மணியம், பி.ஏ. (1953)' என்று முந்நூறு பெயரட்டைகள் அச்சாயின. 1953 வருவதற்கு இன்னும் நாளிருந்தது. ஆனால் தொலைநோக்கு இல்லாதவன் தொடர்பை வளர்க்க முடியாது.

நீண்ட விடுமுறைக்கு ஊர் திரும்பியபோது முதல் அட்டையைத் தோட்டத்து வாசலில் காவலிருந்த ஸ்பெஷல் கான்ஸ்டபிளிடம் கொடுத்தார். தோட்டத் தமிழ் பழகிய மலாய்க்காரர் அவர். அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இது திங்கற சாமானா?"

"இல்ல."

"அப்பச் சரி, உள்ள போ."

அந்தக் காலத்தில் அரசாங்கத்தின் கவலையெல்லாம் சோற்றைப் பற்றியது. காட்டில் ஒளிந்து போராடும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று, ஒரு பிடி அரிசியும் ஒரு கவளம் சோறும் கம்பியைத் தாண்டக் கூடாது. ரப்பர்ப் பால்மரம் சீவப் போகிறவர்கள் வெறும் வயிற்றோடு போய் வெறும் வயிற்றோடு திரும்பினார்கள். பெயரட்டைகளுக்குத் தடை இல்லை. நாட்டின் வளர்ச்சிக்கு அது ஒரு நல்ல அறிகுறி என்று மணியம் கருதினார்.

தொடர்பு என்றால் பதிவேடு வேண்டும். மணியத்துக்குத் தெரிந்த ஒரே பதிவேடு, அப்பா விடிகாலையில் கையில் வைத்திருக்கும் செக்ரோல்தான். தினமும் இருட்டோடு ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். வந்தவனுக்கு முழு நாள், பாதியில் போனவனுக்கு அரை நாள், வராதவனுக்குச் சுழி. அப்பாவின் பழைய செக்ரோல் ஒன்றில் பாதிப் பக்கங்கள் காலியாக இருந்தன. மணியம் அதில் கூலிகளின் இடத்தில் கனவான்களை எழுதினார். சாப்பாடு போட்டுப் பேசிய கனவானுக்கு முழு நாள். தேநீரோடு அனுப்பியவருக்கு அரை நாள். 'அப்புறம் வா' என்றவருக்குச் சுழி. கடைசியில் ஒரு குறிப்புப் பத்தி: 'காலையில் போனால் பால் வரும், வெயில் ஏறினால் உறைந்துவிடுவார்.'

பிச்சைமுத்து அதைப் பார்த்துவிட்டு மீசையைத் தடவினார்.

"எம்பது பேருக்குப் பெரட்டு எடுக்கறேன்டா. ஒருத்தனும் எனக்குச் சோறு போட்டதில்ல."

"நீங்க எடுக்கறது வேலைக்குப்பா. நான் எடுக்கறது தொடர்புக்கு."

"ஓ," என்றார் அப்பா.

கனவான்கள் தங்கா பத்து கடலோரத்திலும் மலாக்கா பட்டணத்திலும் இருந்தார்கள். பஸ்ஸில் போகலாம். ஆனால் பஸ்ஸில் கோழிக்கூடை ஏறும், கால்சட்டை மடிப்புக் கலையும், வழியில் இறக்கிச் சோதிப்பார்கள். மடிப்புக் கலைந்தவனைக் கனவான்கள் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. சைக்கிளில் போகலாம், மிதித்தால் வேர்க்கும். இந்தச் சிக்கலுக்கு மணியம் கண்ட தீர்வின் பெயர் மருதமுத்து.

மருதமுத்து தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை மணியத்தோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். பிறகு பால்மரத்துக்குப் போய்விட்டான். அவசரகாலத்துக்கு முன்னால், தொழிலாளர் சங்கம் வைத்துக்கொள்ளலாம் என்றிருந்த காலத்தில், சங்கத்துக்குக் கொடி பிடித்தவன். அவனுக்கு ஒரு தாய், பெத்தம்மாள். ஒரு சைக்கிள். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு.

அந்த ஓய்வை மணியம் சமூகத்துக்குப் பயன்படுத்தினார். ஒவ்வொரு ஞாயிறும் மருதமுத்து மிதிப்பான். மணியம் பின்னால் உட்கார்ந்து செக்ரோலை மடியில் வைத்துக்கொண்டு வெள்ளைச் சட்டையைக் காற்றிலிருந்து காப்பாற்றுவார். போக இருபது மைல், வர இருபது மைல். இருவரும் அதிகம் பேசுவதில்லை. மேட்டில் மூச்சுச் சத்தம் கேட்கும். பள்ளத்தில் சங்கிலிச் சத்தம். ஒரு முறை மரநிழலில் நின்றபோது மருதமுத்து செக்ரோலை வாங்கிப் புரட்டினான்.

"என் பேரு எங்கலா?"

"இது பெரிய ஆளுங்களுக்கு. உன்னைத்தான் எனக்குத் தெரியுமே, எழுதி வைக்கணுமா?"

மருதமுத்து செக்ரோலைத் திருப்பிக் கொடுத்தான்.

"அதுவும் சரிதான்," என்றான். ஏறி மிதித்தான்.

தொடர்பில் தலையாயவர் அட்வகேட் தம்புசாமி. இந்தியர் நலவளர்ச்சிச் சபையின் தலைவர். தங்கா பத்துவில் கடலைப் பார்த்த பங்களா. மணியம் உள்ளே போவார். மருதமுத்து இரும்புக் கேட்டுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பான். கம்பிக்கு வெளியே சோறு கொண்டுவர முடியாததால் அவனுக்குச் சுமை எதுவும் இருக்கவில்லை.

"தம்பி என்ன படிக்கிறீங்க?" என்பார் தம்புசாமி.

"பொருளாதாரம் சார்."

"ஆ, சமூகத்துக்கு அதுதான் வேணும். போன வாரம் வைத்தியம்னு சொன்னீங்களே?"

"அது வேற ஆளா இருக்கும் சார்."

"யாரா இருந்தா என்ன, நம்ம பையன்தானே. படிப்பு முடியட்டும், பார்த்துக்கலாம்லா. ரசம் ஊத்திக்குங்க."

அடுத்த ஞாயிறும் என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டார். மணியம் மனம் தளரவில்லை. முழு நாள் போட்டார்.

நில அலுவலகத்துப் பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர், ரங்கசாமி தேநீர் மட்டும் கொடுப்பார். அரை நாள். ஆனால் விடைபெறும்போது வெளியே எட்டிப் பார்த்து, "அது யாரு, உங்க ஆளா?" என்று ஒருமுறை கேட்டார்.

"சைக்கிள் மிதிக்கிறவன் சார்," என்றார் மணியம். பொய் இல்லை.

விடுமுறை முடிய ஒரு வாரம் இருந்தபோது பதிவேட்டில் நாற்பத்தொரு பேர் சேர்ந்திருந்தார்கள். அந்த ஞாயிறு மாலை ஊரடங்குக்கு முன்னால் இருவரும் தோட்டத்து வாசலுக்கு வந்தபோது புதிய கான்ஸ்டபிள் ஒருவர் நின்றார். மணியத்தின் பையைக் கவிழ்த்து அரிசியைத் தேடினார். செக்ரோல் விழுந்தது. புரட்டினார்.

"அரிசி இல்ல," என்று உள்ளே குரல் கொடுத்தார். "பேரு இருக்கு."

அன்றே லாரியில் ஏற்றினார்கள். மணியத்தை மட்டும். மருதமுத்துவின் பையில் அரிசியும் இல்லை, பெயரும் இல்லை.

பட்டணத்துப் போலீஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் சேகரன் நல்ல தமிழ் பேசுபவர். மேசையில் செக்ரோலை விரித்தார்.

"இது என்ன?"

"செக்ரோல் சார்."

"எந்தத் தோட்டத்தோடது?"

"தோட்டம் இல்ல சார். தொடர்பு."

அந்தக் காலத்தில் போலீஸ் நிலையத்தில் சொல்லக் கூடாத சொற்கள் ஐந்தாறு இருந்தன. 'தொடர்பு' அவற்றில் முதலாவது. பல்கலைக்கழகத்தில் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

"யாரோட தொடர்பு?"

"எல்லாரோடயும் சார். படிக்கும்போதே வளர்த்துக்கணும்."

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார்.

"அட்வகேட் தம்புசாமி. ஜூலை எட்டு, முழு நாள். ஜூலை பதினஞ்சு, முழு நாள். எந்தக் கூட்டத்துல ஆஜர்?"

"அவர் வீட்டுலதான் சார்."

"அவர் வீட்டுல அவர் இருந்ததுக்கு நீ எதுக்கு ஆஜர் போட்ட?"

"அவர் சோறு போட்டார் சார்."

"சோறு," என்று சொல்லி இன்ஸ்பெக்டர் அதை எழுதிக்கொண்டார். அடிக்கோடும் போட்டார்.

மணியத்துக்கு உண்மையில் நிம்மதியாக இருந்தது. நாற்பத்தொரு பெரிய மனிதர்கள். ஒரே ஒருவர் வாய் திறந்து 'நம்ம பையன்' என்று சொன்னால் போதும். இதற்காகத்தானே வளர்த்தது. நான்கு நாட்கள் அவர் லாக்கப்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, யார் முதலில் வருவார் என்று மனதுக்குள் பெரட்டு எடுத்துக்கொண்டிருந்தார்.

நான்காம் நாள் முடிவு வந்தது. நாற்பத்தொரு பேரையும் போலீசார் நேரில் கண்டு விசாரித்திருந்தார்கள். நாற்பத்தொரு பேரும் ஒருமித்த குரலில், இப்படியொரு மாணவரைத் தங்களுக்குத் தெரியாது என்று எழுதிக்கொடுத்திருந்தார்கள். சமூகத்தில் அப்படி ஓர் ஒற்றுமை அதற்கு முன்பும் பின்பும் ஏற்பட்டதில்லை. தம்புசாமி மட்டும், தெரிந்த ஒரு பையன் உண்டு, ஆனால் அவன் வைத்தியம் படிப்பவன் என்று சொல்லியிருந்தார்.

ஆனால் கனவான்கள் கடமை தவறியவர்கள் அல்ல. அதிகாரிகளுக்கு உதவ வேண்டும் என்று ஒரு விவரத்தை ஞாபகப்படுத்திச் சொல்லியிருந்தார்கள். உள்ளே வந்தவன் யாரென்று தெரியாது. வெளியே கேட் பக்கத்தில் ஒருவன் சைக்கிளோடு மணிக்கணக்காக நின்று வீட்டையே பார்த்துக்கொண்டிருப்பான். ரங்கசாமி சைக்கிளின் நிறத்தையும் சொல்லியிருந்தார்.

மருதமுத்துவை மரத்தடியிலிருந்தே அழைத்து வந்திருந்தார்கள். கையில் இன்னும் பால் காய்ந்து ஒட்டியிருந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்து மணியத்தைப் பார்த்தான். சிரித்தான். வந்துவிட்டேன், இனிப் பரவாயில்லை என்பது மாதிரியான சிரிப்பு.

இன்ஸ்பெக்டர் மணியத்தைத் தனியே கூப்பிட்டார்.

"நீ வெறும் வெத்து வேட்டுன்னு நாப்பத்தொரு சாட்சி இருக்கு. அதனால தப்பிச்ச. ஆனா இவன் சங்கத்துல கொடி பிடிச்சவன். ஒரு வீடு விடாம வாசல்ல நின்னிருக்கான். சேதி கொண்டுபோறவன்னு நினைக்கிறேன். நீ என்ன சொல்ற? இவனைத் தெரியுமா?"

இன்ஸ்பெக்டர் ஒரு வெள்ளைத் தாளை அவர் பக்கம் நகர்த்தினார்.

"தெரியும்னா எழுதிக்கொடு. உனக்காகத்தான் மிதிச்சான்னா அதையும் எழுது, விசாரிக்கிறேன். ரெண்டு மாசம், மூணு மாசம் ஆகும். முடியற வரைக்கும் நீயும் இங்கதான் இருக்கணும். தெரியாதுன்னா இப்பவே பஸ் ஏறலாம்."

அடுத்த திங்கட்கிழமை பல்கலைக்கழகம் திறக்கிறது. மூன்று மாதம் போனால் அந்த ஆண்டு போயிற்று. பட்டம் 1954-க்குத் தள்ளிப்போகும். அட்டையிலோ 1953 என்று அச்சாகிவிட்டது. இன்னும் இருநூற்றுச் சொச்சம் அட்டைகள் மீதி இருந்தன.

மணியம் மேசையில் கிடந்த செக்ரோலை எடுத்துப் புரட்டினார். பிறகு மிகுந்த நேர்மையோடு, ஆவணச் சான்றுடன், ஒரு சொல்லும் பொய்யில்லாமல் பதில் சொன்னார்.

"என் பதிவேட்டுல அவன் பேரு இல்ல சார்."

"தெரியாதுன்னு எழுதிக்கட்டுமா?"

மணியம் தலையசைத்தார். கம்பியைத் தாண்டிப் போகும்போது பெஞ்சுப் பக்கம் திரும்பவில்லை. மருதமுத்து, "மணியம்," என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டான். பெரட்டில் பெயர் கூப்பிடுவதுபோல, பதில் வரும் என்ற நம்பிக்கையோடு கூப்பிட்டான்.

சிங்கப்பூருக்குப் புறப்படும் காலை பெத்தம்மாள் லயத்து வாசலில் வந்து நின்றாள்.

"ஐயா, உனக்குத்தான் பெரிய ஆளுங்க எல்லாரையும் தெரியுமாமே. ஒரு வார்த்தை சொல்லி விடுய்யா."

"சொல்லியிருக்கேன் அத்தை. பார்த்துக்கலாம்னு சொன்னாங்க."

அவள் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பிச்சைமுத்து திரும்பிப் பெரட்டுக்குப் போனார். அன்று மருதமுத்துவின் பெயருக்கு நேரே அவர்தான் சுழி போட்டார்.

இனி அனைவரும் என்ன ஆனார்கள் என்பது. தம்புசாமி மேலும் பல சபைகளுக்குத் தலைவராகி முதுமையில் காலமானார். கடைசிவரை அந்த வைத்திய மாணவனை விசாரித்துக்கொண்டிருந்தார். ரங்கசாமி ஓய்வூதியம் பெற்றார். இன்ஸ்பெக்டர் சேகரனுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. பிச்சைமுத்து மகனிடம் தேவைக்கு மேல் பேசாமலே இறந்தார். மருதமுத்துவை ஓராண்டு காவலில் வைத்து, பிறகு இந்தியாவுக்குக் கப்பலேற்றினார்கள். அவன் லூபோக் சீனாவில் பிறந்தவன். இந்தியாவை அதற்கு முன் பார்த்ததில்லை. பெத்தம்மாள் அதே லயத்திலேயே இருந்து ஐந்தாம் ஆண்டு இறந்துபோனாள். சைக்கிளைக் கேட்பாரில்லாமல் போலீசார் ஏலம் விட்டார்கள்.

மணியம் 1953-இல் பட்டம் பெற்றார். அட்டை வீணாகவில்லை. அரசாங்கத்தில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்று, புக்கிட் காத்திலில் வீடு கட்டிக்கொண்டார். ஆண்டுதோறும் மாணவர்களிடையே, படிக்கும்போதே தொடர்பு வளர்ப்பது எப்படி என்று உரையாற்றுகிறார். கைதட்டுகிறார்கள். இதை எழுதிக்கொண்டிருப்பவரும் அவர்தான்.

நாகப்பட்டினத்திலிருந்து மருதமுத்து இரண்டு கடிதம் போட்டான். பதில் போடவில்லை. விலாசத்தை எங்கும் எழுதி வைக்கவுமில்லை. இன்ஸ்பெக்டர் கேட்ட அன்று அவனைத் தெரியாது என்றது பொய். இன்றைக்கு யாராவது வந்து, மருதமுத்து எங்கே, உயிரோடு இருக்கிறானா, தெரியுமா என்று கேட்டால், மணியம் தயங்காமல் தெரியாது என்று சொல்லலாம். ஐம்பது வருடம் உழைத்து அதை உண்மையாக்கியிருக்கிறார்.