டாக்டருக்கு ஒரு வெள்ளைக் கோட்டு

தையல்காரருக்குக் கட்டிய புதுப் பல் மறுபடியும் ஆடியது. ஆறு மாதத்தில் இது நாலாவது ரிப்பேர்.

நாற்காலியில் வாயைப் பிளந்தபடி படுத்திருந்த அவருக்குப் பல்லைவிடப் பல் டாக்டரைப் பற்றித்தான் கவலை. தங்கமான மனிதர். ஊசி போடுவதற்கு முன்னால் மன்னிப்புக் கேட்கிற டாக்டரை வேறெங்கே பார்க்க முடியும்? முன்பல் விழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவர் தையல்காரர். தாடை எலும்பில் திருகாணி இறக்கி, அதன்மேல் பல்லை உட்கார வைத்து, அவரை வாய்விட்டுச் சிரிக்க வைத்தது அந்தப் புண்ணியவான்தான்.

முதல் தடவை திருகாணி லேசாகக் கழன்றிருந்தது.

"இது என் பொறுப்பு, ஐயா. நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க" என்று டாக்டர் அதை முறுக்கிவிட்டார்.

அந்த ஒரு வார்த்தையில் தையல்காரர் உருகிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் நல்ல துணியாக எடுத்து, மூன்று நாள் உட்கார்ந்து, டாக்டருக்கு ஒரு வெள்ளைக் கோட்டு தைத்தார். மெஷினில் தைத்தால் மரியாதையா? காஜாவும் பட்டனும் கைத்தையல். கோட்டைக் கொடுத்த அடுத்த வாரம் பல்லின் ஓரம் சில்லாகப் பெயர்ந்தது.

டாக்டர் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டே விசாரணையைத் தொடங்கினார்.

"சிகரெட் உண்டா?"

"வாசனையே ஆகாது, டாக்டர்."

"சர்க்கரை?"

கூட வந்த மனைவி முந்திக்கொண்டாள். "ரத்தத்துலயும் இல்ல, பேச்சுலயும் இல்ல."

"தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிப்பாரா?"

"விடிய விடிய வாயைத் திறந்து குறட்டை விடுறவருக்குப் பல்லைக் கடிக்க ஏது நேரம்?"

டாக்டர் அசந்துபோனார். "இப்படி ஒரு பேஷண்ட்டை நான் பார்த்ததே இல்ல" என்று சொல்லி வேறு பல் மாட்டிவிட்டார். உச்சி குளிர்ந்துபோன தையல்காரர், க்ளினிக்கில் வேலை பார்க்கும் ஆறு பேருக்கும் ஆளுக்கொரு கோட்டு தைத்துக் கொடுத்தார். ஆறாவது கோட்டு முடிந்ததும் ஈறு வீங்கியது.

இந்த முறை டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார், பிரஷ்ஷை மாற்றினார், மெத்தென்றிருப்பதைத்தான் சாப்பிட வேண்டும் என்றார். மனைவி கண்ணில் பட்டதையெல்லாம் மசித்தாள். ரத்தத்தில் ஒரு குறையும் இல்லை. வீக்கம் வடிந்த சந்தோஷத்தில் தையல்காரர் க்ளினிக்கின் எட்டு ஜன்னலுக்கும் திரை தைத்தார். ஓரமெல்லாம் கைத்தையல்.

அதன் பிறகுதான் இந்த ஆட்டம்.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். முகம் வாடிவிட்டது.

"எலும்பு தேஞ்சுக்கிட்டே வருது, ஐயா. இந்தத் திருகாணியை எடுக்க வேண்டி வந்தா, இன்னொண்ணு போட அங்க இடமே இல்ல."

இனி ஆயுசுக்கும் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிக்க வேண்டுமா என்று தையல்காரரின் கை தானாக வாய்க்குப் போனது. ஆனால் டாக்டர் அதைவிட மோசமான ஒன்றைச் சொன்னார்.

"கோளாறு என் கையிலதான். இனிமே யாருக்கும் நான் இந்தப் பல்லைக் கட்டப் போறதில்ல."

"அப்படிச் சொல்லாதீங்க, டாக்டர். உங்க கைராசி ஊருக்கே தெரியும்" என்று பதறி எழுந்த தையல்காரரின் கண் டாக்டரின் மார்பில் நிலைகுத்தியது. கோட்டின் இரண்டாவது பட்டன் ஒற்றை இழையில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவருக்கு மானமே போய்விட்டது. சட்டைக் காலரின் உட்புறம் எப்போதும் நூல் கோத்த ஊசி ஒன்று குத்தியிருக்கும். அதை உருவினார்.

"கொஞ்சம் அசையாம நில்லுங்க."

அரை நிமிடம் ஆகவில்லை. நாலு துளையிலும் ஏற்றி இறக்கி, அடியில் நூலைச் சுற்றி, முடிச்சுப் போட்டு, குனிந்து நிமிர்ந்தார். பட்டன் அடித்துவைத்த ஆணியாக நின்றது.

டாக்டர் அதை இழுத்துப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "என்ன கைங்க இது. என் வேலையும் இப்படி நிக்கக் கூடாதா? எல்லாத்தையும் கேட்டேனே, எதைக் கேக்காம விட்டேன்?"

ஆறு மாதமாகத் தட்டை ஏந்திக்கொண்டு வாய் திறக்காமல் நின்ற நர்ஸ் மெதுவாகச் சொன்னாள்:

"டாக்டர், இப்ப அந்த நூலை அவர் எதால அறுத்தார்னு பாத்தீங்களா? நீங்க கட்டின பல்லாலதான்."