நாலு நொடி முந்திய விண்ணப்பம்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தபின் எடுத்துவைத்த அடுத்த பெரிய அடி, அந்த அலுவலகத்துக் கணினி நேரம் கேட்பதை நிறுத்திக்கொண்டதுதான். சந்தேகம் உள்ளவர்கள் மேலாளரின் சுற்றறிக்கையைப் படிக்கலாம். 'நேரம் கேட்பதில் நேரம் வீணாகிறது' என்று முதல் வரியே முழங்கும்.

அதைப் படித்த அன்றே கணினிப் பொறியாளர் மேலாளரிடம் ஓடினாள். அலுவலகத்தின் பெரிய கணினிக்குள் எட்டு கோர்கள். ஒரே மண்டைக்குள் எட்டு மூளை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் தன் துடிப்பைத் தானே எண்ணி நேரம் சொல்லும். எண்ணிக்கை போகப் போகப் பிசகும். அதனால் எட்டும் ஒரு பொதுக் கடிகாரத்தைக் கேட்டுத்தான் பேச வேண்டும் என்று அவள் கட்டிப்போட்டிருந்தாள். கேட்பதற்குக் கண்ணிமைக்கும் நேரம்கூட ஆகாது. அந்த ஊதாரித்தனத்தைத்தான் 'வேகத் திட்டம்' ஒழித்தது.

"எட்டுக்கும் சொந்த புத்தி இருக்குல்ல? எதுக்கும்மா இன்னொருத்தரைப் போய்க் கேக்கணும்?" என்றார் மேலாளர். பொறியாளர் தான் போட்ட கட்டை அவிழ்த்துவிட்டாள்.

நான்கு மாதம் கழித்து ஊழியர் குடியிருப்பில் தரைத்தளத்து வீடு ஒன்று காலியானது. காலை பத்து மணிக்குமேல் கணினியில் முதலில் விண்ணப்பிப்பவருக்கு வீடு. அலுவலகத்தில் தொலைபேசி இயக்குபவள் அதற்காகத் தவமிருந்தாள். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்த கணவனை, மருத்துவமனைக்குப் போகும்போதெல்லாம் நாலு மாடி நாற்காலியில் வைத்துத் தூக்கி இறக்குகிறவள் அவள். பத்து அடித்ததும் பொத்தானை அமுக்கினாள்.

பதில் உடனே வந்தது. 'தங்கள் விண்ணப்பம் பத்து மணிக்கு மூன்று நொடி முன்னதாக வந்துள்ளது. இத்தகைய அவசரம் ஊழியருக்கு அழகல்ல. நிராகரிக்கப்படுகிறது.' கொள்முதல் பிரிவில் இருந்த மேலாளரின் மச்சினர் சாவகாசமாகப் பதினொன்றரைக்கு விண்ணப்பித்து, நேர ஒழுக்கத்துக்காகப் பாராட்டும் வீடும் பெற்றார்.

பொறியாளர் பதிவேட்டைத் துழாவிப் பார்த்துவிட்டு உயர்மட்டக் குழுவின் முன் போய் நின்றாள்.

"சார், இந்த விண்ணப்பம் தொலைபேசி அறையிலேருந்து பத்து மணி ஒரு செகண்டுக்குக் கிளம்பியிருக்கு. கிளம்புறதுக்கு நாலு செகண்டு முன்னாடியே வந்து சேர்ந்திருக்கு."

மேலாளர் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா! இதான் வேகத் திட்டம்!"

குழு கைதட்டியது.

"இல்ல சார், அது நடக்கவே முடியாது. அவங்க விண்ணப்பம் மூணாவது கோர்ல விழுந்திருக்கு. அது நாலு செகண்டு பின்தங்கி ஓடுது. நியாயமா வீடு அவங்களுக்குத்தான்."

மேலாளர் குரலைத் தாழ்த்தினார். "அப்போ நாலு மாசமா அதுல போன உத்தரவெல்லாம் தப்பா? உங்க பதவி உயர்வு உத்தரவுகூட அதுலதானேம்மா வந்துச்சு?"

குழு ஏகமனதாகத் தீர்மானித்தது: திங்கள் முதல் பொதுக் கடிகாரம் மீண்டும் வரும், அதுவரை கணினி காட்டிய நேரமே 'சரியான நேரம்', இதற்குப் பொறியாளர் சான்றளிப்பார். அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கையெழுத்து மட்டும் கோணாமல் விழுந்தது.

திங்களன்று எட்டு கோர்களும் நொடி பிசகாமல் ஒரே நேரத்தைச் சொல்லின. என்ன ஒற்றுமை! மேலாளர் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். பொறியாளர் தொலைபேசி அறைக்குப் போனாள். ஏதாவது நல்லது சொல்லவேண்டும் போலிருந்தது.

"இனிமே ஒரு செகண்டுகூடத் தப்பா காட்டாதும்மா. எல்லாத்தையும் சரிபண்ணிட்டேன்."

தொலைபேசி இயக்குபவள் காதுக் கருவியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"பாவம், தப்பு நேரத்தைச் சொல்றோம்னு அந்த மிஷினுக்குத் தெரியாதுக்கா. கையெழுத்துப் போடும்போது உங்களுக்குத் தெரியும்ல?"