பல தசாப்தக்காரர்

கொல்லிமலையில் மிளகைவிட அமோகமாக விளைகிற இனம் ஒன்று உண்டு. பெயர், பல தசாப்தக்காரர். பேருந்தில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவிலும் ஓட்டுநருக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தபடி வருவாரே, அவரேதான்.

தசாப்தம் என்றால் பத்து ஆண்டு. பல என்றால், எவ்வளவு கஞ்சத்தனமாக எண்ணினாலும் மூன்று தசாப்தமாவது வேண்டும். அகராதி அதோடு நிறுத்திக்கொள்ளும். நடைமுறையில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான்: நீ வாயை மூடு.

குண்டனி நாடு என்கிற மலைக்கிராமத்து அப்பாசாமிக்கு வயது நாற்பத்தாறு. லாரி ஓட்டியது நான்கு தசாப்தம், தேனெடுத்தது மூன்று, கல்யாணத் தரகு மூன்று, மரவள்ளி ஐந்து என்று அவர் சொன்னதையெல்லாம் நம்பினால், மனிதர் பிறப்பதற்கு நூறு வருடம் முன்பே வேலைக்குக் கிளம்பியிருக்க வேண்டும். யாராவது கூட்டிப் பார்த்தார்களா?

அதே ஊர் மிளகுத் தோட்டக்காரி சுகுணாவுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. மூன்று நாள் மழையில் அவளுடைய நாற்பது மிளகுக் கொடிகளின் காலடியிலும் தண்ணீர் கட்டி நின்றது. இலை மஞ்சளாகத் தொடங்கிவிட்டது. வேர் அழுகினால் நாலு வருட உழைப்பு போச்சு. சாயங்கால மழைக்குள் தண்ணீரை வடித்துவிட, கணவன் பூபதியை மண்வெட்டியோடு இறக்கியிருந்தாள். அந்த நேரம் பார்த்து வரப்பில் முளைத்தார் அப்பாசாமி.

“வெட்டாத பூபதி. பல தசாப்தமா பாக்கறேன். வேரு குளுந்தாத்தான் மிளகு காரமா வரும்.”

பூபதி மண்வெட்டியைக் கீழே வைத்தான். வைக்காமல் இருப்பானா? அனுபவஸ்தர் பேச்சைத் தட்டக் கூடாது என்று வளர்க்கப்பட்டவன்.

“ஏனுங்ண்ணா,” என்றாள் சுகுணா, “உங்களுக்குக் கொடி எத்தன இருக்குதுங்க?”

“எங்களுக்கா? நாங்க மிளகெல்லாம் பேளுக்குறிச்சி சந்தையில வாங்கிக்கறோம் கண்ணு.”

“அதுவும் பல தசாப்தமாங்களா?”

அப்பாசாமி பெருமையோடு தலையாட்டினார். சுகுணா மண்வெட்டியை எடுத்தாள். முதல் தூறல் விழுந்தபோது கடைசிக் கொடியின் தண்ணீரும் பள்ளத்தில் இறங்கிவிட்டது.

கொடிகள் பிழைத்தன. இப்போது அப்பாசாமி போகிறவர் வருகிறவருக்கெல்லாம் அந்தத் தோட்டத்தைக் காட்டி, “தண்ணிய வடிச்சு உடுங்கன்னு பல தசாப்தமா சொல்றேன், எவன் கேக்கறான்?” என்கிறார். பூபதியும் பக்கத்தில் நின்று, “ஆமாங்க” என்கிறான்.

சுகுணா மட்டும் லேசுப்பட்டவளா? புதிதாக மிளகு நட்டிருக்கும் யமுனாவிடம் நேற்று, “எங்கிட்டக் கேளு சாமி, காலங்காலமா இதுலயே கெடக்கறவ நானு” என்றாள். நாலு வருடம்.

அவர்களை விடுங்கள். இதைப் படிக்கும்போதே, ‘இந்த மாதிரி ஆட்களை எத்தனை வருஷமாகப் பார்க்கிறேன்’ என்று உதட்டைச் சுழித்தீர்களே, எத்தனை வருஷமாக? விரலை நீட்டுங்கள், எண்ணிப் பார்ப்போம்.